றேடியோவா இசைத்தட்டா? டைனமோவில் கேட்ட ஜாஸ்

குளக்கட்டு (கிளிநொச்சி)

ஜாஸ் கேட்க றேடியோ போதும், இசைத்தட்டு தேவையில்லை என்பது என் கட்சி. தட்டுச் சேர்க்கிறவர்கள் கோபிப்பார்கள். கோபிக்கட்டும், இந்தப் பக்கத்தில் ஒருவரும் வாய் திறந்து கனகாலம்.

1995இல் எனக்குப் பதினேழு வயது. இரணைமடுக் குளக்கட்டுக்குக் கிட்ட வீடு. கரண்ட் இல்லை. பற்றரி அரசாங்கத்தின் தடைப் பட்டியலில் இருந்தது, எங்கேயாவது கிடைத்தாலும் ஆனை விலை குதிரை விலை. செத்த பற்றரியை வெயிலில் காயவைத்து, ஆணியால் ஓட்டை போட்டு, உப்புத் தண்ணீர் விட்டு இன்னும் இரண்டு நாள் இழுப்போம். அப்பாவுக்கு அந்தப் பற்றரி பிபிசி தமிழோசைக்கு மட்டும்தான். இரவு ஒன்பதேகாலுக்கு அயலட்டை எல்லாம் எங்கள் முற்றத்தில் கூடும். செய்தி முடிந்ததும் அப்பா பற்றரியைக் கழற்றித் தலையணைக்குக் கீழே வைத்துவிடுவார். பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே தலையணைக்குக் கீழே.

பிறகு எனக்கு சைக்கிள்தான் கதி. பின்சில்லை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி டைனமோ வயரை றேடியோவுக்குக் கொடுத்தேன். டைனமோவில் வருவது ஆடலோட்டம், நேராகக் கொடுத்தால் உறுமல்தான் கேட்கும். பரந்தனில் றேடியோ திருத்துகிற ஒருவர் நாலு டயோட்டைச் சேர்த்து ஒரு சின்னப் பெட்டி செய்து தந்தார். மிதிக்கிற வேலை தம்பிக்கு. அப்படிச் சிற்றலையைத் திருகிக்கொண்டு போன ஒரு இரவில்தான் அமெரிக்காவின் குரலில் வில்லிஸ் கொனோவர் அகப்பட்டார்.

தெரியாதவர்களுக்கு: அந்த ஜாஸ் நிகழ்ச்சி 1955 ஜனவரியில் தொடங்கியது. தொடக்க இசை டியூக் எலிங்டன் குழுவின் 'டேக் தி ஏ ட்ரெயின்'. தடித்த குரல். இங்கிலீஷ் குறைவாகத் தெரிந்தவனுக்கும் விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொல்வார். என் இங்கிலீஷில் பாதி அவர் போட்ட பிச்சை. உலகம் முழுக்கத் தெரிந்த அந்த மனிதரை அமெரிக்காவுக்குள் கனபேருக்குத் தெரியாது. அந்த வானொலியைச் சொந்த நாட்டு மக்களுக்கு ஒலிபரப்பக்கூடாது என்று 1948இல் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். அவர் 1996 மே மாதம் இறந்தார். அதே வருடம் நாங்களும் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டோம்.

நான் சொல்லவந்தது இதுதான். ஜாஸ்காரர் ஒன்றை ஒருதரம்தான் வாசிக்கிறார். நாளைக்கு அதே பாட்டை வேறு மாதிரி வாசிப்பார். றேடியோவும் ஒருதரம்தான் தரும். தவறவிட்டால் போனதுதான். அதனால் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு இருப்போம். தட்டு இருந்தால் நாளைக்கும் கேட்கலாம், அப்ப இன்றைக்கு ஆர் கேட்பது?

ஒரேயொரு பாட்டைக் கசற்றில் பிடித்து வைத்திருந்தேன். பேஸ் என்ற கனத்த குரல் தந்திவாத்தியம் முன்னுக்கு வந்து ஒரு கேள்வி கேட்கும், மற்றவர்கள் எல்லாரும் இரண்டே இரண்டு அடியில் பதில் சொல்வார்கள். பெயர் சொல்லும் இடத்தில் அலை மங்கிவிட்டது. பதினாறு வருடம் பெயர் தெரியாமலே இருந்தேன். 2011இல் கனடாவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் காரில் ஒரு பழைய சீடியைப் போட்டார். அதே பாட்டு. ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. ஏதோ பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறமாதிரி இருந்தது. அன்றைக்கே முடிவெடுத்தேன், துப்புரவான பதிவைவிட என் இரைச்சல் றேடியோ திறம் என்று.


ஊசிமுனை (வவுனியா)

தம்பி குளக்கட்டு, தமிழோசை பற்றரி வாசித்து நானும் சிரித்தேன். கதை நல்லதுதான், கட்சிதான் பிழை.

நீங்கள் கேட்டது ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் 'சோ வட்'. 'கைண்ட் ஒஃப் புளூ' என்ற தட்டின் முதற்பாட்டு, 1959. பேஸ் வாசிப்பவர் பால் சேம்பர்ஸ், பியானோ பில் எவன்ஸ், ட்ரம்ஸ் ஜிம்மி கோப், சாக்ஸபோனில் ஜோன் கோல்ட்ரேனும் கனன்போல் அடர்லியும். இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும்? தட்டின் உறையில் அச்சடித்திருக்கிறது. உங்களுக்குப் பதினாறு வருடம் பிடித்தது, எனக்கு உறையைத் திருப்ப எடுத்த நேரம்.

அடுத்தது ஒலி. சிற்றலையில் ஒரு நிலையத்துக்குக் கிடைக்கும் இடம் ஒடுக்கம். 5 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே உள்ளது ஏறக்குறைய முழுக்க வெட்டுப்பட்டுவிடும். ஜிம்மி கோப்பின் சிம்பல், அதாவது ட்ரம்ஸோடு இருக்கும் பித்தளைத் தாளம், உயிரோடு இருப்பதே அதற்கு மேலேதான். கீழ்ப்பக்கம் பேஸை உங்கள் சின்ன ஸ்பீக்கர் தின்றுவிடும். ஆட்டிறைச்சிக் கறி என்று சொல்லிக் குழம்பை மட்டும் ஊற்றித் தந்திருக்கிறார்கள், நீங்கள் இவ்வளவு காலமும் நல்ல கறி என்று சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள்.

சாக்ஸபோன் மேதை சார்லி பார்க்கர் எப்படிப் படித்தார்? 1937 கோடையில் ஓசார்க் மலைப்பக்கம் வாசிக்கப் போகும்போது லெஸ்டர் யங் என்ற இன்னொரு சாக்ஸபோன்காரர் வாசித்த தட்டுகளைக் கொண்டுபோனார். திரும்பத் திரும்பப் போட்டு அந்தத் தனிவாசிப்புகளை அப்படியே பாடமாக்கினார். ஒருதரம் கேட்டுவிட்டுக் காற்றில் விட்டிருந்தால் இன்றைக்கு பார்க்கர் என்று ஒருவரைப் பற்றி நாங்கள் கதைக்கமாட்டோம்.

இலங்கை வானொலியின் பெருமை என்ன? அறிவிப்பாளர் மயில்வாகனத்தின் குரல் ஒரு பாதி, மற்றப் பாதி அந்த இசைத்தட்டுக் களஞ்சியம். றேடியோ என்று நீங்கள் சொல்வது வேறொருவர் வீட்டுத் தட்டுத்தான் தம்பி.

கடைசியாக ஒன்று. ஒருதரம்தான் கேட்கவேண்டும் என்று சொல்கிற நீங்கள் கசற்றில் ஏன் பிடித்தீர்கள்?


குளக்கட்டு

ஐயா, கசற் விஷயத்தில் பிடிபட்டுவிட்டேன். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேறொருவர் வீட்டுத் தட்டு என்றீர்களே, அதைத்தான் நானும் சொல்கிறேன். எதைப் போடுவது என்று முடிவெடுப்பவர் வேறொருவர். எனக்குப் பிடிக்காததையும் அவர் போடுவார். மிதித்துக்கொண்டிருக்கிற தம்பியை வைத்துக்கொண்டு நிலையம் மாற்ற மனம் வராது. பிடிக்காததைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு தெலோனியஸ் மொங்க் என்ற பியானோக்காரரைப் பிடித்தது. தட்டு வாங்குகிறவன் தனக்குப் பிடித்ததைத்தானே வாங்குவான்?


ஊசிமுனை

கொழும்பில் கிளாக்கராக இருந்த காலத்தில் பழைய சாமான் கடையில் எது கிடைத்ததோ அதைத்தான் நான் வாங்கினேன். பிடித்தது பிடிக்காதது பார்க்கும் வசதி சம்பளத்தில் இருக்கவில்லை. 83இல் அதில் பாதி போனது. மிச்சத்தை வவுனியாவுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே வைத்தேன், கறையான் வந்தது. 'கைண்ட் ஒஃப் புளூ' உறையில் மைல்ஸின் முகம் இருக்கிறது, ட்ரம்பெட் இல்லை. இப்போது இரும்பு அலுமாரியில் நிமிர்த்தி வைத்திருக்கிறேன். படுக்கப்போட்டு அடுக்கினால் நம்முடைய ஆவணி வெயிலுக்கு அப்பளமாய் வளையும். நீங்கள் நினைக்கிறமாதிரி தட்டு வைத்திருப்பது சொகுசு வேலை இல்லை.


ஸ்காபரோ குளிர் (ரொறன்ரோ)

ஊர் புதுக்குடியிருப்பு. இரவில் லொறி ஓடுகிறேன். வண்டியில் ஜாஸ் எஃப்எம் 91 ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே நான் குளக்கட்டு பக்கம்.

ஊசிமுனை ஐயா பார்க்கரைக் கொண்டுவந்தார். நான் கவுன்ட் பேசியைக் கொண்டுவருகிறேன். 1936இல் ஜோன் ஹமண்ட் என்ற இசைத் தயாரிப்பாளர் சிக்காகோவில் காருக்குள் இருந்து றேடியோவைத் திருகினார். கன்சாஸ் சிற்றியில் ஒரு கிளப்பில் பேசியின் குழு வாசிப்பது எங்கேயோ ஒரு மூலையில் கேட்டது. அங்கேயிருந்துதான் பேசி வெளியுலகத்துக்கு வந்தார். பார்க்கர் கொண்டுபோன தட்டுகளில் லெஸ்டர் யங் வாசித்தது பேசியின் குழுவோடுதான். அந்த றேடியோ இல்லாவிட்டால் அந்தத் தட்டும் இல்லை ஐயா!

கிளாரினெட்காரர் பெனி குட்மன் கதை இன்னும் வேடிக்கை. நியூயோர்க்கிலிருந்து போன நிகழ்ச்சியில் அவருடைய சூடான வாசிப்பெல்லாம் பின்னிரவில்தான் வரும், அந்தப் பக்கம் கேட்கிற ஆட்கள் படுத்துவிடுவார்கள். கலிபோர்னியாவில் மணி மூன்று மணித்தியாலம் பின்னுக்கு. அங்கே பொடியள் முழித்திருந்து கேட்டார்கள். 1935 ஓகஸ்டில் லொஸ் ஏஞ்சலிஸில் பலோமார் மண்டபத்துக்கு அவர் போனபோது கூட்டம் பைத்தியமானது. ஸ்விங் என்ற ஆட்ட ஜாஸின் காலம் அன்றைக்குத் தொடங்கியது என்று எழுதுவார்கள்.

இன்னொன்று. 1942 ஓகஸ்டிலிருந்து 1944 வரை அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவைப் புறக்கணித்தது. பீபொப் என்ற புதிய ஜாஸ் பாணி பிறந்தது சரியாக அந்தக் காலத்தில். நடந்ததில் பெரும்பகுதி தட்டில் இல்லை. தட்டில் இல்லாதபடியால் நடக்கவில்லை என்றா சொல்வீர்கள்?

தட்டின் ஒலி பற்றியும் ஒரு சொல். விளிம்பில் ஊசிக்குக் கீழே செக்கனுக்கு 50 சென்டிமீற்றர் போல ஓடுகிற பள்ளம், நடுவுக்கு வரும்போது 20 சென்டிமீற்றர் அளவுக்கு இறங்கிவிடும். அதே இசையைக் குறுகிய இடத்தில் நெரித்து வைத்திருப்பதால் ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டில் சிம்பல் கரகரக்கும். ஐயா அந்தப் பாட்டுகளை எப்படிக் கேட்கிறார் என்று அறிய ஆசை.


ஊசிமுனை

கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன்.


தவில்காரன் மகன் (முள்ளியவளை)

மூன்று பேரும் அடிபடுவதைப் பார்த்து ஒரு கிழமையாகச் சும்மா இருந்தேன். இனி முடியாது.

றேடியோவும் செத்த மேளம், தட்டும் செத்த மேளம். வைகாசி விசாகத்துக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலில் மேளச் சமா கேட்டவன் ஒருவன் எழுதுகிறேன். நாதஸ்வரக்காரர் ராகத்தை இழுத்துக்கொண்டு போய் எங்கே விடுவார் என்று தவில்காரருக்கே தெரியாது. பக்கத்தில் நிற்கிறவன் தலையாட்டுவதைப் பார்த்து இன்னொரு சங்கதி போடுவார். அந்தத் தலையாட்டல் உங்கள் தட்டில் இருக்கிறதா, டைனமோவில் வருமா? யாழ்ப்பாணத்துத் தெட்சணாமூர்த்தி கோயில் வீதிகளில் விடிய விடிய வாசித்தாரே, அதில் எத்தனை மணித்தியாலம் பதிவில் இருக்கிறது? என் அப்பா நாற்பது வருடம் வாசித்தார். ஒரு நிமிடம்கூடப் பதிவில் இல்லை. அதற்காக நான் அழவில்லை. கேட்டவர்கள் கேட்டார்கள்.

சரி, நீங்கள் இவ்வளவு சண்டை பிடிக்கிற அந்தப் பாட்டையும் போட்டுக் கேட்டேன். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாந்தரம் கேட்கச் சிரிப்பு வந்தது. அது கரகரப்பிரியா! சுத்தமான சுரவரிசை, வேறு ஒன்றும் இல்லை. பதினாறு ஆவர்த்தனம் இரண்டு கட்டைச் சுருதியில் நிற்கிறார்கள். பிறகு எட்டு ஆவர்த்தனம் அதே கரகரப்பிரியாவை அப்படியே தூக்கி இரண்டரைக் கட்டையில் வைக்கிறார்கள். பிறகு எட்டு, திரும்ப இரண்டில். இதைத்தான் முழுநேரமும் சுற்றிச் சுற்றி வாசிக்கிறார்கள். எங்களிடம் பாட்டுக்கு நடுவில் சுருதியை அரைக் கட்டை ஏற்றினால் ஒத்து ஊதுகிறவர் எழும்பிப் போய்விடுவார்.

கமகம் இல்லை. சுரத்தைக் குத்திவிட்டுப் போகிறார்கள். கோல்ட்ரேன் என்பவர் மட்டும் கொஞ்சம் உருட்டுகிறார். அவர் நாதஸ்வரம் கேட்டிருந்தால் திருந்தியிருப்பார்.


ஸ்காபரோ குளிர்

தவில் அண்ணை, சார்லி மரியானோ என்று ஒரு அமெரிக்க சாக்ஸபோன்காரர் நாதஸ்வரமே கற்று வாசித்தார். கோல்ட்ரேன் 1961இல் 'இந்தியா' என்று ஒரு பாட்டு வாசித்தார், மகனுக்கு ரவிசங்கரின் பெயரை வைத்தார். எங்கள் பக்கத்துக் கணக்கும் ஒன்று உண்டு. 1975 வாக்கில் கிட்டார்க்காரர் ஜோன் மக்லாக்லினோடு 'சக்தி' குழுவில் வயலின் வாசித்த எல். சங்கர் சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். தகப்பனார் லட்சுமிநாராயணன் அங்கே இசை படிப்பித்தவர். 58 கலவரத்தோடு குடும்பம் மதராசுக்குப் போனது. அதே 58இல்தான் ஜாஸ் பியானோக்காரர் டேவ் புரூபெக் இலங்கைக்கும் மதராசுக்கும் வந்து வாசித்தார். மதராசில் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தோடு சேர்ந்து வாசித்ததற்குப் பதிவும் இருக்கிறது. அடுத்த வருடம் வந்ததுதான் ஐந்து அடியில் போகிற 'டேக் ஃபைவ்'.


தவில்காரன் மகன்

அதையும் கேட்டேன். கண்டசாபு தாளம் என்று நினைத்துத் தொடையில் தட்டினேன், இடறியது. நாங்கள் இரண்டும் மூன்றும் என்று போடுவோம். அவர்கள் மூன்றும் இரண்டும் என்று போடுகிறார்கள். பழனி ஐயாவிடம் கேட்டதைத் தலைகீழாக எழுதிக்கொண்டு போனார்களோ தெரியாது.

(பகிடிக்குச் சொன்னேன். எழுதினது புரூபெக் இல்லை, அவர் குழுவில் சாக்ஸபோன் வாசித்த பால் டெஸ்மண்ட் என்று போட்டிருக்கிறது.)


பரந்தன் பெட்டை

வணக்கம். எனக்கு 23 வயது. இங்கே எல்லாரும் மாமா, சித்தப்பா வயதில் இருக்கிறபடியால் பார்த்துத் திட்டுங்கோ.

குளக்கட்டு அண்ணை, "றேடியோ போதும்" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த றேடியோ? அமெரிக்காவின் குரல் இரணவிலவில் வைத்திருந்த நிலையத்தை 2016இல் மூடிவிட்டார்கள். தமிழோசைச் சிற்றலை 2017 ஏப்ரலோடு நின்றது. இப்போது கிளிநொச்சியில் நின்று றேடியோவைத் திருகினால் சினிமாப் பாட்டு, விளம்பரம், அறிவிப்பாளரின் சிரிப்பு. ஒரு இரவு திருகிப் பார்த்துவிட்டு எத்தனை ஜாஸ் கிடைத்தது என்று எழுதுங்கோ.

பசி ருசி அறியாது என்று அம்மம்மா சொல்லுவா. உங்களுக்கு அப்போது பசி. என்ன கிடைத்தாலும் தேவாமிர்தம். அதைக் கொண்டு கஞ்சிதான் உலகத்திலேயே திறம் சாப்பாடு என்று சொல்லக்கூடாது.

ஊசிமுனை ஐயாவுக்கும் ஒன்று. உங்கள் தட்டை நான் எப்படிக் கேட்பது? வவுனியாவுக்கு வந்து இரும்பு அலுமாரியைத் திறக்கச் சொல்லவா? நான் கேட்பது யாழ்தேவி ரயிலில், போனில். விஜய் ஐயர் என்று நியூயோர்க்கில் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பியானோக்காரர் இருக்கிறார், அவரில் தொடங்கிப் பின்னுக்குப் பின்னுக்குப் போய் மொங்கில் வந்து நின்றேன். எந்த அறிவிப்பாளரும் சொல்லவில்லை, எந்த உறையும் வாசிக்கவில்லை.

அப்புறம் அந்த 'சோ வட்' விஷயம். குளக்கட்டு அண்ணைக்கு சீடி அவசரமாக இருந்தது என்றது எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. கசற் மெதுவாக ஓடியிருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன்.


ஊசிமுனை

மகள், திட்டமாட்டேன். அலுமாரி எப்போதும் திறந்திருக்கும், வாருங்கள்.

கசற் கதைக்கு விடை சுலபம். கசற்றைப் போட்டுக் கேட்கும்போது டைனமோவில் மிதிக்கிறவர் களைத்தால் ஓல்டேஜ் விழும், மோட்டர் மெதுவாகும், சுருதி இறங்கும். குளக்கட்டுத் தம்பி வருடக்கணக்காகத் தன் தம்பியின் காலைக் கேட்டிருக்கிறார். அதற்குப் பழகின காதுக்குச் சரியான வேகம் ஓட்டமாகத் தெரிந்திருக்கிறது. தட்டில் இருப்பது 1959 மார்ச் 2ஆம் திகதி அந்த ஸ்டூடியோவில் நடந்தது. அதற்குமேல் அப்பீல் இல்லை.


குளக்கட்டு

ஐயா, கசற் மோட்டருக்குள் வேகத்தைப் பிடித்து வைக்க ஒரு கட்டுப்பாடு இருக்கும். ஓல்டேஜ் கொஞ்சம் விழுந்தாலும் வேகம் மாறாது. கனக்க விழுந்தால் மாறும், அது உண்மைதான்.

ஆனால் ஒரு விஷயம் ஞாபகம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு ஆர்மோனியம் கிடந்தது. கசற்றைக் கேட்டுக் கேட்டு அந்த பேஸ் கேள்வியை அதில் வாசித்துப் பழகினேன். இரண்டாவது வெள்ளைக் கட்டையில் பொருந்தியது. தவில் அண்ணை இரண்டு கட்டை என்று எழுதியதும் மயிர் கூச்செறிந்தது. கசற்றும் மெதுவாக ஓடி, சுருதியும் இரண்டில் நிற்பது எப்படி?

கசற் இப்போது இல்லை. 2009இல் போனவற்றோடு அதுவும் போனது. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.


தவில்காரன் மகன்

பள்ளிக்கூட ஆர்மோனியமா? அதன் சுருதிக்கு ஆர் பொறுப்பு? இரண்டு கட்டை என்று வெள்ளைப் பல்லில் எழுதியிருக்கும், உள்ளே பூச்சி தின்றிருக்கும்.


பரந்தன் பெட்டை

எல்லாரும் கதிரையைப் பிடித்துக்கொள்ளுங்கோ.

தேடிப் பார்த்தேன். ஊசிமுனை ஐயா அப்பீல் இல்லை என்ற அந்த மார்ச் 2 பதிவில் ஒரு பிழை இருக்கிறது. பிரதான ரேப் இயந்திரம் அன்றைக்குச் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்த ரேப்பைச் சரியான வேகத்தில் போட்டால் இசை வேகமாகும், சுருதி ஏறும். அந்த ரேப்பிலிருந்துதான் தட்டு அடித்திருக்கிறார்கள். முதற்பக்கத்தில் உள்ள மூன்று பாட்டும் அப்படித்தான். இரண்டாம் பக்கம் ஏப்ரல் 22ஆம் திகதி பதிந்தது, அதில் பிழை இல்லை. பக்கத்தில் ஒரு காப்பு இயந்திரமும் ஓடியிருக்கிறது, அது சரியான வேகம். 1992இல்தான் அந்தக் காப்பு ரேப்பை எடுத்துத் திருத்தி வெளியிட்டார்கள்.

33 சுற்றுத் தட்டு 33 வருடம் பிழையாகச் சுற்றியிருக்கிறது ஐயா. கனடா மாமாவின் பழைய சீடி 92க்கு முந்தினது என்றால் அதிலும் ஓட்டம்தான்.


ஸ்காபரோ குளிர்

லொறியை ஓரங்கட்டிவிட்டு எழுதுகிறேன். ஹஹஹா.


ஊசிமுனை

நம்பவில்லை. என் தட்டு எழுபதுகளில் அடித்தது. இன்று பின்னேரம் வெளியே எடுத்துச் சோதிக்கிறேன். தட்டைச் சுற்றுகிற இயந்திரத்தின் பெல்ட் பழசு, அதுவே வேகத்தைக் கெடுக்கும். ஆகவே ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து ஒன்றும் சொல்லமுடியாது. தவில்காரன் மகனே, சுருதிக்கு என்ன வைத்துப் பார்ப்பது?


தவில்காரன் மகன்

போனில் சுருதிப்பெட்டி இறக்கிக்கொள்ளுங்கோ ஐயா, பேரப்பிள்ளையிடம் கொடுத்தால் செய்து தருவார். இரண்டு கட்டையைப் போட்டுவிட்டு முதற்பக்கத்தைக் கேளுங்கோ. பிறகு பெல்ட்டைச் சந்தேகித்தால் இரண்டாம் பக்கத்து முதற்பாட்டு 'ஆல் புளூஸ்' ஐந்து கட்டையில் நிற்கவேண்டும். போனில் கேட்டுப் பார்த்துவிட்டேன். அது சரியாக நின்று இது ஏறி நின்றால் பிழை பெல்ட்டில் இல்லை.


ஊசிமுனை

சோதித்தேன். மின்சாரம் இரண்டுதரம் போய் வந்தது, அதனால்தான் சுணக்கம்.

இரண்டாம் பக்கம் ஐந்து கட்டையோடு ஒட்டி நின்றது. பெல்ட்டில் பிழை இல்லை. முதற்பக்கம் இரண்டு கட்டைக்கு மேலே நிற்கிறது. இரண்டரைக்குப் போகவில்லை, ஆனால் இரண்டில் இல்லை. சுருதிப்பெட்டியோடு சேர்த்துக் கேட்கப் பல் கூசுகிறது. இந்தத் தட்டை நான் நாற்பது வருடத்துக்கு மேலாகக் கேட்கிறேன்.

மகள் எழுதினது சரி.

குளக்கட்டுத் தம்பி, உங்கள் காது பிழை என்று எழுதியதை மீளப்பெறுகிறேன். சிம்பல் பற்றி எழுதியதை மீளப்பெறவில்லை.


குளக்கட்டு

ஐயா, நீங்கள் சோதித்து எழுதினதே பெரிய விஷயம். நானும் ஒன்று ஒத்துக்கொள்ளவேண்டும். பரந்தன் தங்கச்சி சொன்னபடி நேற்று இரவு றேடியோவைத் திருகிப் பார்த்தேன். ஒன்றரை மணித்தியாலம். ஜாஸ் இல்லை. "றேடியோ போதும்" என்பதை "அப்போது போதுமாக இருந்தது" என்று மாற்றி வாசியுங்கள். அதற்குமேல் இறங்கமாட்டேன்.

தங்கச்சி அனுப்பின திருத்தின பதிவை இரவு போனில் கேட்டேன். அதேதான். அந்த நிதானம் அப்படியே இருக்கிறது. கொனோவர் 95இல் எந்தத் தட்டைப் போட்டார் என்று எனக்குத் தெரியாது. பழைய தட்டைத்தான் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன். அப்படியென்றால் றேடியோவில் வந்தது ஏறின சுருதி, தம்பியின் கால் அதை இறக்கி இரண்டு கட்டையில் கொண்டுவந்து வைத்திருக்கிறது.


தவில்காரன் மகன்

உங்கள் தம்பிக்கு ஒரு பொன்னாடை போர்த்தவேண்டும். அமெரிக்காக்காரன் 33 வருடம் எடுத்த வேலையை சைக்கிளில் இருந்து செய்திருக்கிறார்.


குளக்கட்டு

தம்பி இப்போது சுவிசில், பேர்ண் பக்கம். இந்தக் கதையெல்லாவற்றையும் வாசித்துக் காட்டி, ஏன் அந்தப் பாட்டுக்கு மட்டும் மெதுவாக மிதித்தாய் என்று கேட்டேன்.

"எனக்கு அந்தப் பாட்டு கண்ணிலும் காட்டக்கூடாது. மெதுவாக மிதித்தால் நீ நிற்பாட்டிவிட்டுப் படுப்பாய் என்று பார்த்தேன். நீ நிற்பாட்டவில்லை" என்றான்.

ஊசிமுனை ஐயா, வெள்ளிக்கிழமை வவுனியாவில் ஒரு வேலை இருக்கிறது. பின்னேரம் வந்து அந்த இரண்டாம் பக்கத்தைக் கேட்கலாமா? சிம்பலையும் காட்டுங்கள். பழைய பெல்ட் என்றீர்களே, புதிது ஏதும் தேடிக்கொண்டு வரவா?


ஊசிமுனை

வாருங்கள். பெல்ட் வேண்டாம். கறையான் மருந்து கொண்டுவாருங்கள்.